உப்பிட்ட சாலை

திங்கள், புதன், வெள்ளி.
காலை ஆறரைக்கெல்லாம் கோக்கொலா மருத்துவமனையில்
ஓலவியின் இடது கை இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும்.
நான்கு மணி நேரம் அவன் இரத்தம்
வெளியே போய்க் குளித்துவிட்டுத் திரும்பும்.
வீட்டிலிருந்து அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
ஓட்டுவது ரௌனி.

அவளுக்குத்தான் முதலில் உறைத்தது.
செவ்வாயன்று அவர்கள் சந்தில்
ஒன்பது மணிவரை பனி முழங்காலளவு கிடக்கிறது,
ஊரில் எல்லோருக்கும் கிடப்பதுபோல.
புதனன்று ஐந்துக்கே தார் தெரிகிறது,
தார்மேல் உப்புப் பரல்.

"பனிக்குக் கிழமை தெரியாது,
பனிவண்டிக்குத் தெரிந்திருக்கிறது" என்றாள்.
ஓலவி கையுறையைத் தேடிக்கொண்டே,
"யார்மோ நம் காரை
ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருப்பான்" என்றான்.
அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வீட்டுக்குள் உப்பு கிடையாது.
உருளைக்கிழங்கைக்கூட இருமுறை வேகவைத்து
இருமுறை நீரைக் கொட்டுவாள்.
அப்படிப்பட்ட வீட்டுக்கு
வெளியே ஒருவன் உப்பிட்டுக்கொண்டிருக்கிறான்
மூட்டை மூட்டையாக.
உப்பிட்டவரை நினைக்கலாம், அது எளிது.
நினைப்பதை அவனிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது?

ஏலக்காய் ரொட்டி சுட்டுத்
தபால்பெட்டியில் துணிப்பையில் தொங்கவிட்டாள்.
பை திரும்பி வந்தது,
துவைத்து, இஸ்திரி போட்டு.
இஸ்திரி போட்டதைப் பார்த்து ஓலவி
இருமும்வரை சிரித்தான்.

ஐம்பது யூரோவை உறையிலிட்டாள்.
உறை பிரிக்கப்படாமலே கிடந்தது.
மேலே நான்கு சொல்:
நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது.

பிறகு வாசல் விளக்கு.
இருட்டில் தனியே வருகிறவனுக்கு
விழித்திருக்கும் வீடு ஒன்று தெரியட்டுமென்று
இருப்பதிலேயே பெரிய பல்பாக வாங்கி
விடியவிடிய எரியவிட்டாள்.
மூன்றாம் நாள் பென்சிலில் ஒரு சீட்டு:
விளக்கு கண்ணில் அடிக்கிறது,
பள்ளம் தெரியவில்லை.

காது மடல் சுட்டது.
அணைத்துவிட்டு இருட்டிலேயே நின்றாள்.
அத்தனை நாளும் அந்த வெளிச்சத்தில்
அவள் பார்த்துக்கொண்டிருந்தது
அவளுடைய நன்றியைத்தான்.

பள்ளம்.
அப்படியென்றால் அவன் பார்ப்பது பள்ளத்தை.

அக்டோபரில், நிலம் உறையுமுன்,
வாய்க்கால் குழாய் சாலையைக் கடக்கும் வளைவில்
இரும்பு அலகு கல்லில் மோதும் இடமெல்லாம் தேடி
ஒன்பது கம்பு நட்டாள்.
வலது கையால் ஓலவி
ஒளிரும் நாடாவை அளந்து வெட்டித் தந்தான்.
ஒன்று கோணல்.
அவன் சுற்றியது. அப்படியே விட்டாள்.

அந்தக் குளிர்காலம் சீட்டு எதுவும் வரவில்லை.
வண்டி மட்டும் வளைவில்
தயங்காமல் திரும்பும் சத்தம்,
ஐந்துக்குச் சற்று முன்.

பிப்ரவரியில் இயந்திரத்துக்கு
அந்தக் கை தேவைப்படாமல் போயிற்று.

அடக்கம் முடிந்த மறுநாள்
அவளே அவனுக்குத் தொலைபேசினாள்.
"இனி எங்கள் சந்துக்கு
ஒன்பதுக்கு வந்தால் போதும்.
நீ தூங்கு."
மறுமுனையில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு, அந்தப் பக்கத்து மனிதர்கள் செய்வதுபோல
மூச்சை உள்ளிழுத்தபடி ஒரு "யோ".
எத்தனையோ ஆமாம்களுக்கு நடுவே
அவள் கேட்ட மிக நீளமான ஆமாம்.

திங்களன்று நான்கரைக்கு விழிப்பு வந்துவிட்டது.
சந்து வெள்ளையாகக் கிடந்தது,
அவள் சொன்னபடியே.
ஒன்பதுக்கு வந்தான்.
அவள் வாசலருகே மட்டும் அலகைத் தூக்கினான்,
ஒதுக்கும் பனி
வாயிலை அடைத்துவிடாதபடி.
கை காட்டவில்லை. அவளும்.

ஏப்ரலில் கம்புகளைப் பிடுங்கப் போனாள்.
எட்டு, ஒன்பது,
பத்து.
பத்தாவது அவள் நட்டதில்லை.
தபால்பெட்டிக்குப் பின்னால், ஓடையோரம்,
அவள் காரைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பும் இடத்தில்.
நாடா வேறு நிறம்,
நகராட்சி ஆரஞ்சு.

அந்த மண்ணில்
அக்டோபருக்குப் பிறகு எந்தக் கம்பும் இறங்காது.
அப்படியானால் குளிர்காலம் முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறது.
திங்கள், புதன், வெள்ளி
அதை ஒட்டித்தான் காரைத் திருப்பியிருக்கிறாள்,
பின்கண்ணாடியில் ஆரஞ்சாக ஏதோ
மினுங்குவதைப் பார்த்தபடி,
நேரமாகிவிட்டது என்று ஓலவியிடம் சொன்னபடி.